உலர்ந்த நாக்கில் தொடங்கிய மருந்து

ஜெர்மனியின் தென்மேற்கில் கறுப்புக் காட்டு மலைகளுக்கு நடுவே வில்ட்பாட் என்ற ஊர் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். 1793இல் அங்கே 13 பேர் ஒரே பண்டத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். பண்டத்தின் பெயர் புளுன்சன். பன்றியின் இரைப்பைக்குள் ரத்தக் கலவையைத் திணித்துக் கட்டி, வேகவைத்துப் புகையில் தொங்கவிடுகிற ஒரு வகை சாசேஜ் அது. அந்தச் சீமையில் அதற்கு அப்படி ஒரு மவுசு.

வாந்தியும் வயிற்று வலியும் எந்தக் கெட்ட சாப்பாட்டுக்கும் உண்டு. சாசேஜ் நஞ்சு கண்டவர்களுக்கு அதற்குப் பின் வந்தவைதான் விசித்திரம். பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரிந்தது. இமைகள் சரிந்து விழுந்தன. வாய் காய்ந்தது, கண்ணீர் வற்றியது, தொண்டை விழுங்க மறுத்தது, குரல் கம்மியது. கைகால் துவண்டு, கடைசியில் மூச்சு நின்றது. கண்ணின் பாவை விரிந்து கிடந்ததைப் பார்த்து, பெல்லடோனாச் செடியின் வேலையோ என்று வைத்தியர்கள் முதலில் சந்தேகப்பட்டார்கள். நம் ஊமத்தைக்கு உறவுக்காரச் செடி அது. ஆனால் ஊமத்தை தின்றவன் பிதற்றுவான். இவர்களோ கடைசி மூச்சுவரை புத்தி தெளிவாக இருந்தார்கள்.

அப்போது வூர்ட்டம்பெர்க் நாட்டைப் போர்களும் வறுமையும் வாட்டிக்கொண்டிருந்தன. இறைச்சியை வீணாக்க யாருக்கும் மனம் வரவில்லை, சுத்தமும் குறைந்தது. சாசேஜ் சாவுகள் பெருகவே, 1802இல் ஸ்டுட்கார்ட் அரசு மக்களுக்கு எச்சரிக்கை விட்டது. டூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவுட்டன்ரீத் ஊர் ஊராக வைத்தியர்களிடமிருந்து அறிக்கை திரட்டினார். அவர் பழியைப் போட்டது வீட்டுப் பெண்கள் மேல்: சாசேஜ் வெடித்துவிடக் கூடாதே என்று கொதிநீரிலிருந்து சீக்கிரமே எடுத்துவிடுகிறார்களாம். ஆண் பேராசிரியர்கள் அடுக்களையைக் குறை சொல்வது புதிதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி சரி. நன்றாகக் கொதித்தால் அந்த நஞ்சு சிதைந்துவிடும் என்பது பின்னால் தெரியவந்தது.

அவுட்டன்ரீத்தின் மாணவர்களில் ஒருவர் யுஸ்டினுஸ் கெர்னர். 1786இல் லுட்விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். துணி ஆலையில் வேலைக்குப் பழகப் போய், அங்கிருந்து தப்பி மருத்துவம் படிக்க வந்தவர். மாணவராக இருந்தபோது, மனம் பேதலித்து அவுட்டன்ரீத்தின் மருத்துவமனையில் கிடந்த கவிஞர் ஹோல்டர்லினைக் கவனித்துக் குறிப்பெழுதும் வேலை இவருக்கு வாய்த்தது. கெர்னரும் கவிஞர்தான், உலாண்ட் போன்றவர்களோடு சேர்த்து இலக்கிய வரலாறு பேசுகிற பெயர். பேய், பிசாசு, ஆவி எல்லாவற்றிலும் நம்பிக்கை உள்ளவர். பிரிவோர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்து ஆவிகளோடு பேசியதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1829இல் இவர் எழுதிய புத்தகம் ஜெர்மனி முழுக்கப் பரவியது. இப்படி ஒருவரிடமிருந்து கறாரான மருத்துவ ஆய்வை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சாசேஜ் விஷயத்தில் கெர்னர் கவிஞராக இல்லை, கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1817இல் முதல் குறிப்பு. 1819இல் வைன்ஸ்பெர்க்கில் வட்டார மருத்துவராக அமர்ந்தார். 1820இல் வந்த புத்தகத்தில் 76 நோயாளிகள். 1822இல் வந்த அடுத்த புத்தகத்தில் 155 பேர். எது முதலில் தளர்ந்தது, எது கடைசியில், எது தளரவே இல்லை என்று ஒவ்வொருவருக்கும் எழுதினார். பிறகு கெட்ட சாசேஜிலிருந்து சாறு இறக்கி, பறவைக்கும் பூனைக்கும் முயலுக்கும் தவளைக்கும் நத்தைக்கும் கொடுத்துப் பார்த்தார். கடைசியாகத் தன் நாக்கிலேயே சில துளி விட்டுக்கொண்டார். அண்ணமும் தொண்டையும் வறண்டு போயின என்று எழுதி வைத்தார்.

துணிச்சல் என்று சொல்லலாம், அசட்டுத்தனம் என்றும் சொல்லலாம். அவர் கையில் இருந்தது உலகில் இதுவரை அறியப்பட்ட நஞ்சுகளிலேயே கொடியது. பிழைத்துக் கிடந்தது சாறு நீர்த்திருந்ததால்தான்.

அவர் எட்டிய முடிவுகள் மூன்று. காற்றுப் படாத இடத்தில், சாசேஜின் உள்ளே, இந்த நஞ்சு உருவாகிறது. அது மூளையைத் தொடுவதில்லை; நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் அனுப்புகிற கட்டளையை வழியில் தடுக்கிறது. மிகச் சிறு அளவே கொல்லப் போதும். நஞ்சு ஒரு வகைக் கொழுப்பு அமிலம் என்று அவர் நம்பியது மட்டும் தவறு. கிருமி என்ற சொல்லே மருத்துவத்துக்குள் நுழையாத காலத்தில் மற்ற மூன்றையும் கண்டுகொண்டதுதான் ஆச்சரியம்.

இன்னும் பெரிய ஆச்சரியம் 1822 புத்தகத்தின் கடைசி அத்தியாயம். கொல்லாத அளவில் கொடுத்தால் இதே நஞ்சு மருந்தாகுமா என்று அதில் கேட்கிறார். நரம்புகள் மிகையாகத் துடிக்கிற நோய்கள், குறிப்பாகக் கைகால் அடங்காமல் ஆடுகிற கொரியா என்னும் வலிப்பாட்டம், அவருடைய முதல் எண்ணம். அளவுக்கு மீறி வியர்ப்பது, சளி பெருகுவது போன்றவை அடுத்து. அதோடு நிற்கவில்லை, வெறிநாய்க்கடி, பிளேக், காசநோய், மஞ்சள் காய்ச்சல் என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போனார். பின்பாதி வெறும் ஆசை. முன்பாதி அப்படியே பலித்தது, ஆனால் 150 ஆண்டுகள் ஆயின.

இந்த மருந்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்று உண்டு. இன்றைக்கு இந்த ஊசி போடப்படும் நோய்களை ஒரு பக்கமும், கெர்னர் எழுதிய நஞ்சின் அறிகுறிகளை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் இரண்டும் கண்ணாடி பார்ப்பது போல இருக்கும். அங்கே இமை திறக்காமல் சரிந்தது. இங்கே இமை மூடி மூடி இறுகுகிறவருக்கு மருந்து. அங்கே குரல் போனது. இங்கே குரல்வளைத் தசை இறுகிச் சொல் நசுங்குகிறவருக்கு மருந்து. வியர்வை நின்றது, சிறுநீர் கழிக்க முடியவில்லை, எச்சில் வற்றியது என்று அங்கே எழுதியிருப்பதெல்லாம் இங்கே ஒவ்வொரு துறையின் சிகிச்சை. யாரும் கெர்னரைப் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தாமாகத் தடுக்கி விழுந்த இடம் அவர் முன்பே நின்ற இடமாக இருந்தது, அவ்வளவுதான்.

லத்தீனில் சாசேஜுக்கு போட்டுலஸ் என்று பெயர். 1870இல் ஜெர்மன் மருத்துவர் முல்லர் அதை வைத்து நோய்க்கு போட்டுலிசம் என்று பெயர் சூட்டினார். கிருமி அகப்பட்டது அதற்கும் 25 ஆண்டு கழித்து, ஒரு சாவு வீட்டில். 1895 டிசம்பர் 14, பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமம். இறுதி ஊர்வலத்துக்கு வாசித்த பேண்டு வாத்தியக் குழுவினர் 34 பேர் வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். இலையில் விழுந்தது உப்பில் ஊறிப் புகை காட்டிய பன்றித் தொடை. மூன்று பேர் இறந்தார்கள்; பலர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்கள். கென்ட் பல்கலைக்கழகத்தின் எமில் வான் எர்மெங்கெம், ராபர்ட் கோக்கிடம் பயின்றவர், மிச்சமிருந்த இறைச்சியிலும் இறந்தவரின் உடலிலும் ஒரே நுண்ணுயிரைக் கண்டெடுத்தார். ஆக்சிஜன் ஆகாத கிருமி. அதன் விதைத்துகள்கள் மண்ணில் எங்கும் கிடக்கும், கொதிநீருக்கும் சாகா; காற்றில்லாத இடம் கிடைத்ததும் முளைத்து நஞ்சு கக்கும். கிருமி உடலுக்குள் வளர்ந்து நோய் தருவதில்லை, அது ஏற்கெனவே உணவில் கக்கி வைத்ததுதான் கொல்கிறது என்பதையும் அவர் காட்டினார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்.

அடுத்த கட்டம் தகர டப்பாக்களுடையது. 1904இல் டார்ம்ஸ்டாட்டில் டப்பா பீன்ஸில் செய்த சாலட் கொன்றபோது, இது இறைச்சியின் நோய் மட்டுமில்லை என்று புரிந்தது. 1919-20இல் அமெரிக்காவில் அடைத்த ஆலிவ் காய்கள் பல ஊர்களில் பலி வாங்கின. கலிபோர்னியாவின் டப்பா உணவுத் தொழிலே ஆட்டம் கண்டது. 121 டிகிரி செல்சியஸில் மூன்று நிமிடம் என்று இன்றும் டப்பா ஆலைகள் பின்பற்றும் அடிப்படைக் கணக்கு அந்தப் பயத்தில் பிறந்ததுதான். கிருமியின் நஞ்சில் ஒன்றல்ல, பல வகை இருப்பதும் இந்தக் காலத்தில்தான் பிரிந்து தெரிந்தது. 1919இல் ஸ்டான்ஃபோர்டில் ஜார்ஜினா பர்க் முதல் இரண்டுக்கும் ஏ, பி என்று எழுத்துப் போட்டார். பிறகு அது ஜி வரை நீண்டது.

டப்பாவுக்குள் இருந்த பூதத்தை வெளியே எடுத்து வளர்க்க நினைத்தது போர்.

1943இல் அமெரிக்க ராணுவம் மேரிலாந்தில் கேம்ப் டெட்ரிக் என்ற இடத்தில் கிருமி ஆயுத ஆய்வைத் தொடங்கியது. இந்த நஞ்சை ஜெர்மானியர்கள் ஆயுதமாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற அச்சத்தில், நார்மண்டி கடற்கரையில் இறங்கவிருந்த படைகளுக்காகப் பத்து லட்சத்துக்கும் அதிகமான தடுப்பு மருந்துகள் தயாராயின. தேவைப்படவில்லை. 1946இல் கார்ல் லமானாவும் சகாக்களும் ஏ வகை நஞ்சைப் படிகமாகவே பிரித்துக் காட்டினார்கள். அங்கே பணியாற்றிய இன்னொரு வேதியியலாளர் எட்வர்ட் ஷான்ட்ஸ். நஞ்சைத் தூய்மையாகத் தயாரிப்பதில் அவருக்கு இணையாக அன்று ஆள் இல்லை. ஆய்வு செய்ய விரும்பிய பல்கலைக்கழகத்தாருக்கும் கொடுத்து உதவினார். ஆயுதக் கிடங்கின் சரக்கு இப்படி மெல்ல மருத்துவர்கள் பக்கம் கசியத் தொடங்கியது.

லண்டனில் 1949இல் ஆர்னால்ட் பர்கனும் கூட்டாளிகளும் நஞ்சு எங்கே கைவைக்கிறது என்று காட்டினார்கள். நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சின்னச் சின்னப் பைகளில் காத்திருக்கும். கட்டளை வந்ததும் பைகள் முனைச் சுவரோடு ஒட்டி, திறந்து, சரக்கைத் தசையின் மேல் கொட்டும், தசை சுருங்கும். நஞ்சு அந்தக் கொட்டலை நிறுத்திவிடுகிறது. எப்படி என்பதற்கு விடை 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது. படகைக் கரையோடு இழுத்துக் கட்டும் வடம் போல, பையைச் சுவரோடு இழுத்துக் கட்டும் புரதங்கள் உண்டு. நஞ்சு ஒரு கத்தரிக்கோல். ஏ வகை ஸ்நாப்-25 என்ற புரதத்தை வெட்டும், பி வகை வேறொன்றை. படகு நிற்கிறது, சரக்கு இருக்கிறது, கரை சேர வழி இல்லை. நரம்பு சாவதில்லை, சில மாதங்களில் வடம் புதிதாக முளைத்து வேலை திரும்புகிறது. கொடிய நஞ்சு மருந்தாக முடிந்ததற்கு இந்த மீட்சிதான் காரணம். மூன்று மாதத்துக்கொரு முறை நோயாளி ஊசிக்கு வந்து நிற்பதற்கும் அதுவேதான் காரணம்.

மருந்து ஒரு பக்கம் இப்படி உருவாகிக்கொண்டிருக்க, அது தேவைப்பட்டவர்கள் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். கழுத்து தானாக ஒரு பக்கம் திருகிக்கொண்டு நிற்கிறவருக்கு 1890களில் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ சூட்டிய பெயர் மனக் கழுத்துத் திருகல். அதாவது கோளாறு கழுத்தில் இல்லை, மனத்தில் என்பது. 19ஆம் நூற்றாண்டு குமாஸ்தாக்களுக்குப் பேனாவைத் தொட்டதும் விரல் முறுக்கிக்கொண்டது. சோறு அள்ளும்போது வராது, எழுதும்போது மட்டும் வரும். பாசாங்கு என்றார்கள், வேலைக்குக் கள்ளம் என்றார்கள். இமைகள் இறுகிப்போய், கண் நன்றாக இருந்தும் குருடர்களாகத் தடுமாறியவர்கள் மனநல மருத்துவர்களிடம் அனுப்பப்பட்டார்கள். முகத்து நரம்பை அறுப்பது, இமைத்தசையை வெட்டி எடுப்பது இவைதான் அவர்களுக்கு மிச்சமிருந்த வழி. 1911இல் ஓப்பன்ஹைம் டிஸ்டோனியா என்ற சொல்லை உண்டாக்கினார். ஆனாலும் இவை மூளையின் இயக்கக் கோளாறுகள், மனப்பிராந்தி அல்ல என்பதை டேவிட் மார்ஸ்டன் போன்றவர்கள் 1970களில் மறுபடி வாதாடி நிலைநாட்ட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு வினோதமான முடிச்சு. கெர்னரின் கவிதைகளில் 12ஐ எடுத்து 1840இல் இசையமைத்தவர் ராபர்ட் ஷூமன். அவர் பியானோ மேதையாக வந்திருக்க வேண்டியவர். இளம் வயதில் வலது கை நடுவிரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதால் மேடையை விட்டவர். விரலைப் பழக்க அவர் மாட்டிக்கொண்ட கருவியால் வந்த வினை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இசைக் கலைஞர்களின் கையில் வருகிற டிஸ்டோனியாவாக இருக்கலாம் என்பது இன்றைய நரம்பியலாளர் பலரின் ஊகம். அப்படியானால் அவர் பாட்டு எடுத்த கவிஞரிடமே அவருடைய விரலுக்கான மருந்தும் இருந்திருக்கிறது. இருவருக்கும் அது தெரிய வழியில்லை.

மருந்தைக் கையில் எடுத்தவர் கண் மருத்துவர். சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் நிறுவனத்தில் இருந்த ஆலன் ஸ்காட்டுக்கு மாறுகண் தலைவலியாக இருந்தது. கண்ணை அசைக்க ஆறு தசைகள். ஒன்று அதிகமாக இழுத்தால் கண் கோணும். அறுவையில் தசையை வெட்டி இடம் மாற்றித் தைப்பார்கள். கணக்கு சற்றே பிசகினால் மறுபடி அறுவை. இழுக்கிற தசையை மட்டும் மருந்தால் கொஞ்சம் சோம்பலாக்க முடியாதா என்று யோசித்தார். ஆல்கஹால், பாம்பு நஞ்சிலிருந்து எடுத்த பொருள் என்று பலவற்றைக் குரங்குகளில் முயன்றார். எதுவும் சரிவரவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேனியல் டிராக்மன் கோழிக் குஞ்சுகளில் போட்டுலினம் நஞ்சைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. நஞ்சு எங்கே கிடைக்கும்? ஷான்ட்ஸிடம்.

அதிபர் நிக்சன் 1969இல் கிருமி ஆயுதத்தைக் கைவிடுவதாக அறிவித்து, மறு ஆண்டு நச்சுப்பொருள்களையும் அதில் சேர்த்திருந்தார். வேலை இழந்த கூடத்தை விட்டு ஷான்ட்ஸ் 1972இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு, உணவு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, இடம் பெயர்ந்தார். ஸ்காட்டுக்கு அங்கிருந்து நஞ்சு வந்தது. ஊசி முனையே தசையின் மின்துடிப்பைக் கேட்கும்படி ஒரு கருவியை ஸ்காட் அமைத்தார். சரியான தசைக்குள் நுழைந்தால் ஒலிபெருக்கி இரையும். அப்போது மருந்தை விடலாம். 1973இல் குரங்குகளின் முடிவு அச்சேறியது. 1970களின் பிற்பாதியில் மனிதர்கள். 1980இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கோணல் கண் நேரானது, பெரிய தீங்கு இல்லை என்ற செய்தி இருந்தது. பிறகு இமை இறுக்கக்காரர்களுக்குப் போட்டார். ஊசிக்கு மறுவாரம் கண் திறந்து, துணையின்றி நடந்து வந்தார்கள்.

1979 நவம்பரில் ஷான்ட்ஸ் மனிதருக்கென்றே தயாரித்த நஞ்சுத் தொகுதிக்கு 79-11 என்று பெயர். மொத்தம் ஏறத்தாழ 150 மில்லிகிராம், ஆறேழு அரிசியின் எடை. 1997 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து முழுவதும் இந்த ஒரே தொகுதியிலிருந்துதான் போனது. மருந்தின் வீரியத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஸ்காட் வியாபாரி இல்லை. ஆகுலினம் என்ற பெயரில் தாமே தயாரித்து, கேட்ட மருத்துவர்களுக்கெல்லாம் அனுப்பிவந்தார். 1980களின் நடுவில், விபத்தானால் யார் பொறுப்பு என்ற காப்பீட்டுச் சிக்கலில் விநியோகம் நின்றுபோனபோது, மறுபடி இமை மூடிக்கொண்டவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்கென்று டெக்சாஸில் 1981இலேயே ஒரு சங்கம் இருந்தது. 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. அலெர்கன் நிறுவனம் உரிமையை வாங்கிப் பெயரை மாற்றியது: போடாக்ஸ். ஏறக்குறைய அதே நேரத்தில் பிரிட்டனில் டிஸ்போர்ட் வந்தது. டிஸ்டோனியாவின் முன்பாதியும் போர்ட்டன் என்ற ஊரின் முன்பாதியும் சேர்ந்த பெயர். போர்ட்டன் டவுன் பிரிட்டனின் ரசாயன, கிருமி ஆயுத ஆய்வுக்கூடம் இருக்கும் இடம். ஆயுதக்கூடத்தின் பெயர் அப்படியே மருந்துப் புட்டியில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்குள் நரம்பியலாளர்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். 1984இல் நியூயார்க்கில் பிளிட்சர், பிரின் குழு குரல்வளைத் தசைக்குள் ஊசி போட்டு, நெரிபட்ட குரலைத் தளர்த்தியது. 1986இல் வான்கூவரில் கழுத்துத் திருகலுக்கு, யாருக்கு மருந்து யாருக்கு வெறும் உப்புநீர் என்று இரு தரப்புக்கும் தெரியாமல் சோதனை நடந்தது. மருந்தே வென்றது. அதற்கான அனுமதி வர 2000 ஆண்டு டிசம்பர் ஆனது. 1989இல் பக்கவாதத்துக்குப் பின் முஷ்டி மூடிக்கொண்டு விறைத்த கைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். விரல் பிரிந்தது, உள்ளங்கையைக் கழுவ முடிந்தது, சட்டைக் கையில் கை நுழைந்தது. பெருமூளை வாதத்தால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளின் கெண்டைக்கால் தசைக்கு 1993இல் கோமன் குழுவினர் போட்டார்கள். பலவீனமான கையை வலுவாக்க இந்த மருந்தால் முடியாது, விறைப்பைத்தான் குறைக்கும். அந்த மூன்று மாத இடைவெளியில் பிசியோதெரபி செய்தவருக்கு லாபம், செய்யாதவருக்கு ஊசிக்குப் பட்ட வலிதான் மிச்சம்.

இன்னொரு பக்கம் தற்செயல்கள். வான்கூவர் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸிடம் இமை இறுக்கத்துக்காக வந்த ஒரு பெண், புருவ நடுவிலும் ஊசி கேட்டார். போட்டால் முகம் இளகிச் சாந்தமாகிவிடுகிறது என்றார். கணவர் அலஸ்டெர் தோல் மருத்துவர். இருவரும் 1992இல் எழுதிய கட்டுரையிலிருந்து அழகுத் தொழில் கிளம்பியது. 2002இல் அனுமதி வந்ததும், உலகம் இந்த மருந்தின் பெயரை நெற்றிச் சுருக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. அந்தப் புகழால் ஒரு சங்கடம்: விறைத்த காலுக்குப் போடாக்ஸ் என்று மருத்துவர் சொன்னால், நடிகைகள் போடுவதா என்று வீட்டார் கேட்கிறார்கள். மருத்துவமே மூத்தது, அழகு பின்னால் வந்து வீட்டை எடுத்துக்கொண்டது.

முகத்தின் ஒரு பாதி துடிப்பவருக்கு ஊசி போட்டபோது அந்தப் பக்கம் வியர்க்கவில்லை என்று 1994இல் இரண்டு மருத்துவர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து அக்குள் வியர்வைக்கு மருந்தாகி, 2004இல் அனுமதி வந்தது. சுருக்கத்துக்குப் போட்டுக்கொண்டவர்கள் ஒற்றைத் தலைவலி விட்டுப்போனதாகச் சொல்லவே அங்கேயும் தேடல் தொடங்கியது. 2010இல் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அனுமதி: தலையிலும் கழுத்திலும் 31 இடங்கள், 155 யூனிட், 12 வாரத்துக்கொரு முறை. உணவுக்குழாயின் அடிவாய் திறக்காத அகலேசியாவுக்கு 1990களில் முயன்று வழி காட்டியவர் பங்கஜ் பஸ்ரிசா. 2011இல் நரம்புக் கோளாறால் அடங்காத சிறுநீர்ப்பைக்கும் வந்தது.

யூனிட் என்பது ஒரு பயங்கரமான அளவை. பெண் சுண்டெலிகளின் கூட்டத்தில் பாதியைக் கொல்லும் அளவே ஒரு யூனிட். பல ஆண்டுகள் ஒவ்வொரு தொகுதியும் எலிகளைக் கொன்றே சோதிக்கப்பட்டது. 2011இல்தான் அலெர்கன் செல்களை வைத்துச் சோதிக்கும் முறைக்கு அனுமதி பெற்றது. 100 யூனிட் புட்டியில் நஞ்சு ஏறத்தாழ 5 நானோகிராம், ஒரு கிராமின் 20 கோடியில் ஒரு பங்கு. 70 கிலோ மனிதரைக் கொல்லச் சுமார் 3,000 யூனிட் வேண்டும் என்பது ஷான்ட்ஸின் மதிப்பீடு. இடைவெளி பெரியதுதான், ஆனால் முட்டாள்தனத்துக்கு ஈடுகொடுக்கும் அளவு பெரியதல்ல. 2004இல் புளோரிடாவில் அனுமதியில்லாத ஆய்வக நஞ்சைச் சுருக்கத்துக்காக ஏற்றிக்கொண்ட நான்கு பேர் உடல் முழுதும் செயலிழந்து, செயற்கை மூச்சில் நெடுநாள் கிடந்து மீண்டார்கள். மருந்து ஊசி இடத்தைத் தாண்டிப் பரவி, விறைப்புக்காகப் பெரிய அளவு பெற்ற குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வந்த செய்திகளுக்குப் பின் 2009இல் அமெரிக்க நிர்வாகம் பெட்டியிட்ட எச்சரிக்கையை அட்டையில் அச்சிடச் செய்தது.

நஞ்சு அதன் பழைய வேலையையும் விடவில்லை. 1996இல் குஜராத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்களைத் தாக்கியது. மூன்று பேர் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது நமக்கும் பழக்கமான கடலைமாவு சேவு மேல்; இதே வகை நஞ்சைச் சுரக்கும் உறவுக்காரக் கிருமி அதில் கிடைத்தது. 1976இல் கலிபோர்னியாவில் சிசு போட்டுலிசம் என்று தனியாக அடையாளம் காணப்பட்ட நோயில், கிருமியின் விதைத்துகள் குழந்தையின் குடலிலேயே முளைத்து நஞ்சைச் சுரக்கும். அதற்குத் தெரிந்த வழிகளில் ஒன்று தேன். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் தொட்டு வரும் பாட்டியின் கையை இன்றைய குழந்தை மருத்துவர் தடுப்பது, சம்பிரதாயத்தைப் பழிக்க அல்ல. ஒரு வயது முடியும்வரை தேன் ஆகாது என்பதால்.

கெர்னர் 1862இல் வைன்ஸ்பெர்க்கில் இறந்தார். கடைசிக் காலத்தில் பார்வை மங்கி, எழுதும் தாளில் மை கொட்டிக்கொண்டே இருந்தது. தாளை மடித்துப் பிரித்து, அந்த மைக்கறைகளில் பேயுருவங்களைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் பாட்டு எழுதினார். பின்னாளில் ரோர்ஷாக் உளவியல் சோதனைக்கு மைக்கறையை எடுத்ததைப் பேசுகிறவர்கள் கெர்னரின் பெயரையும் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் 1969இல் ஒரு புதிய வெள்ளைத் திராட்சைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்; மது குடிப்பவர்கள் பலருக்குக் கெர்னர் என்றால் திராட்சைதான்.

2018இல் அமெரிக்க நிர்வாகம் ஜெர்மனியின் மெர்ஸ் நிறுவனம் செய்யும் ஏ வகை மருந்துக்குப் புதியதொரு நோயைச் சேர்த்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் பக்கவாதம் கண்டவர்கள் சிலருக்கும் விழுங்கும் திறன் குறைந்து, வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். காதோர எச்சில் சுரப்பிகளில் பக்கத்துக்கு 30 யூனிட், தாடைக்கு அடியில் பக்கத்துக்கு 20 யூனிட், மொத்தம் 100. அடுத்த ஊசி 16 வாரத்துக்கு முன்னால் கூடாது. ஊசி பிடித்தால் வாய் காயும். அளவு மிஞ்சினால் அண்ணமும் தொண்டையும் வறண்டு, விழுங்குவது சிரமமாகும்.